வெந்நீர்ப் பத்தி

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய ஓர் அறை உண்டு. அங்கே இருபத்திரண்டு வருடமாக மனு அடித்துக் கொடுப்பவளை வக்கீல்கள் டைப்பக்கா என்பார்கள். கணவன் போன மறு மாதமே தட்டச்சு யந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். யந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அவள் மட்டும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பிரிய வேண்டுமென்றால் சட்டத்துக்கு ஒரு தப்பு வேண்டும். ஒத்துவரவில்லை என்று ஒருவர் மட்டும் சொன்னால் போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். யார் செய்தது, என்ன செய்தது, எந்தத் தேதியில், பார்த்தவர் யார், இவ்வளவும் வேண்டும். பாதிக் குடும்பங்கள் சத்தமே இல்லாமல்தான் கெடுகின்றன என்பது டைப்பக்காவுக்குத் தெரியும். சத்தமில்லாததை மனுவில் எப்படி அடிப்பது? அதற்குத்தான் வெந்நீர்ப் பத்தி.

முதன்முதலில் அது நிஜமாக நடந்ததுதான். கழுத்து வெந்துபோன ஒரு தையற்காரி எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டைப்பக்கா தன் சொந்த வார்த்தைகளில் அடித்தாள். ‘கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைச் சற்றும் ஈவிரக்கமின்றி மனுதாரர்மீது வீசி, அலறல் கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டாரையும் வாசலிலேயே தடுத்து’ என்று போகும் அது. படித்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். மூன்றே வாய்தாவில் தீர்ப்பு. அப்புறம் கேட்க வேண்டுமா? மனுவில் சரக்கில்லாத வக்கீல்களெல்லாம் வந்து, “அக்கா, கொஞ்சம் வெந்நீர் ஊத்துங்க” என்பார்கள். இவளும் தேதியை மாற்றி ஊற்றுவாள். பென் டிரைவில் ஏறி அவள் முகமறியாத அலுவலகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது அந்தப் பத்தி. உறுத்தாமல் இல்லை. ஆனாலும், மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்தால் சரி என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது அவள் வீட்டுக்கே தபாலில் வந்தது. மருமகள் விவாகரத்து கேட்டிருந்தாள். நான்காம் பக்கத்தில் வெந்நீர்ப் பத்தி. ஒரு சொல் மாறவில்லை. வெந்நீரை வீசியவன் இடத்தில் அவள் மகன் இருந்தான்.

மகன் துடித்துப்போனான். அவன் வெந்நீர் வீசவில்லை, சத்தியம். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். பூட்டுவான். ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது மனைவியை உள்ளே விட்டு வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். சாவி இருந்தால் உள்ளிருந்தும் திறக்கலாம். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பான். சாயங்காலம் ஆறு மணிக்கு டைப்பக்கா வந்து தன் சாவியால் திறப்பாள். திறந்து, செருப்பைக் கழற்றி, காபி போடச் சொல்லி உட்காருவாள். இரண்டு வருடம் இப்படித்தான்.

ஒருநாள் அடுப்படித் திரைத்துணியில் தீப்பிடித்து, மருமகள் தானே அணைத்திருந்தாள். இவள் வந்து திறந்தபோது புறங்கை பொசுங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உங்கள் சாவியையாவது வைத்துவிட்டுப் போங்களேன் அத்தை என்று அன்றைக்குக் கேட்டாள். அவனுக்குக் கோபம் வருமே என்றாள் டைப்பக்கா. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இவள் கதவைத் திறந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவள்தான் மருமகள். திரும்பவில்லை.

மகன் வைத்த வக்கீலுக்கு இருமல் வக்கீல் என்று பெயர். சாட்சியை நம்பாதபோதெல்லாம் இருமுவார். பத்தியைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். அடித்த கையே சாட்சி சொன்னால் மனு அன்றைக்கே செத்தது என்றார். அந்தப் பத்தி உள்ள பழைய மனுக்கள் ஒன்பதின் நகலையும் சேர்த்துவிட்டார். டைப்பக்கா சொல்ல வேண்டியதெல்லாம் உண்மைதான். பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த உண்மையைச் சொன்னால், மருமகள் பொய்க்காரி என்று தீர்ப்பாகும். தப்பு நிரூபணமாகவில்லை, வீட்டுக்குப் போ என்பார்கள். எந்த வீட்டுக்கு?

விசாரணை நாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. அதன் ஒரு முனையில் மருமகள். இவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நகர்ந்து இடம் விட்டாள். டைப்பக்காவும் உட்கார்ந்துவிட்டாள்.

“வெந்நீர்னு ஏம்மா எழுதினே?” என்று கேட்டாள்.

“நான் பூட்டைத்தான் சொன்னேன் அத்தை. பார்த்தது யாருன்னு வக்கீலம்மா கேட்டாங்க. உங்களைச் சொன்னேன். மாமியாரா வந்து சாட்சி சொல்லப் போறாங்கன்னு சிரிச்சுட்டு, அவங்களே இதைப் போட்டுட்டாங்க.”

டைப்பக்காவின் கை தானாகக் கைப்பையைத் தடவியது. சாவி உள்ளேதான் கிடந்தது. அதற்குள் பெயர் கூப்பிட்டார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறி, இந்தப் பத்தி என்னுடையது, பத்து மனுவிலும் ஒன்றேதான், எங்கள் வீட்டில் யாரும் வெந்நீர் வீசவில்லை என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதோடு இருமல் வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். வெற்றி கண்ட வாய் சும்மா இருக்குமா? ஆக அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

டைப்பக்கா மகனைப் பார்த்தாள். ஒற்றைப் பிள்ளை. அவனை ஆளாக்கத்தான் இருபத்திரண்டு வருடம் விரல் தேய அடித்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான், ஆமாம் என்று சொல் என்பதுபோல.

அவள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

“எங்க வீட்டு வாசக் கதவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. அவளுக்குக் கிடையாது.”

வக்கீல் இருமத் தொடங்கினார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். கீழே சாட்சியம் பதிவுசெய்யும் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றிருந்தன. டைப்பக்கா குனிந்து அவளைப் பார்த்தாள்.

“அடிச்சுக்கோம்மா, நான் மெதுவாவே சொல்றேன். ரெண்டு வருஷம், தினம் ஒன்பது மணிக்கு என் மகன் அவளை உள்ள வச்சுப் பூட்டினான். ஆறு மணிக்கு நான் திறந்தேன். எனக்குத் தெரியும். அடிச்சிட்டியா?”

அந்தப் பெண் தலையாட்டினாள்.

“செஞ்சவங்க பேருன்னு வர்ற இடத்துல ஒருத்தர்னு போடாதே. ரெண்டு பேருன்னு போடு.”