சந்தனம் வைத்த மோட்டார்

கார்த்திகை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, மேகம் கலையவில்லை. அறந்தாங்கிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயில், நான் செய்த இரண்டடிப் படகை இறக்கினேன். பத்தடி போவதற்குள் கரகரவென்று திக்கி நின்றுவிட்டது. எடுத்துத் தொட்டால் மோட்டார் சுட்டது.

"மச்சான், படகு விட்டீங்களா, மாவு அரைச்சீங்களா?" என்றார் கரையில் நின்ற என் மனைவியின் தம்பி. குவைத்தில் வேலை. ரிமோட் அவர் கொண்டுவந்தது. வியாழக்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் படகு எதிர்க்கரைக்குப் போய்த் திரும்புவதைக் காட்டிவிட வேண்டும். போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது.

படகில் வைத்தது பிரஷ்லெஸ் என்கிற பிரஷ் இல்லாத மோட்டார். அதை, போர் மோட்டார் மாதிரி ஹெச்பி கேட்டு வாங்க முடியாது. கேவி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று பொருள். ஆயிரமா, ஆயிரத்து நானூறா என்று மூன்று வாரம் குழம்பினேன். என் பதினோரு வோல்ட் பேட்டரியில் ஒன்று பதினோராயிரம் சுற்றும். மற்றது பதினைந்தாயிரத்து நானூறு. புரொப்பல்லர் சிறியது, ஆகவே வேகமானதே சரி என்று வாங்கினேன். இப்போது அது சுட்டதும் கணக்கு தப்பிவிட்டதென்று பயந்து, அன்றே மற்றதற்கும் ஆர்டர் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. பிரித்து வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வருவதற்குள், என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறாள். இந்த மோட்டாரில் சுற்றுவது வெளி உறை. அதன் தலையில் காற்றுக்காக ஓட்டைகள் உண்டு. அவள் விரல் அங்கேதான் இருந்தது.

"ஏய், நிறுத்து! பழசுக்கும் இப்படித்தான் அப்புனியா?"

"அப்பாம? புதுச் சாமானைப் பொட்டு வைக்காமத் தண்ணியில எறக்குவாகளா?"

முதல் மோட்டாரின் பொட்டை நானும் பார்த்திருந்தேன். கிரைண்டர், பைக் என்று பொட்டில்லாத இயந்திரம் எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் உறுத்தவில்லை. இப்போது அதைக் கழற்றிப் பார்த்தேன். காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவே சந்தனம் காய்ந்து கிடந்தது.

"அக்கா மோட்டாருக்குத் தலைவலின்னு பத்து போட்டுச்சாக்கும்!" என்று தம்பி சிரித்தார்.

"போடா. ஒனக்குப் போட்டாத்தான் சரியாவும்."

பழைய டூத் பிரஷால் தேய்த்தேன்; செதில் செதிலாக உதிர்ந்தது. விரலால் சுண்டினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

புதன்கிழமை காலை அதே பழைய மோட்டாரோடு கண்மாய்க்குப் போனோம். "இங்கிட்டு வைக்கலாம்ல?" என்று என்னைக் கேட்டே படகின் மூக்கில் பொட்டு வைத்தாள். ரிமோட்டைத் தம்பியிடம் கொடுத்தேன். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், வட்டம் அடித்து, நேராக என் காலடிக்கு வந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். முதலில் போட்ட கணக்கே சரி.

புது மோட்டாரைத் திருப்பி அனுப்பலாம் என்றால், அதிலும் ஒரு விரல் சந்தனம் ஏறிவிட்டது. இருக்கட்டும், இன்னொரு படகு செய்துகொள்ளலாம். இரண்டு மோட்டாரும் கூரியரும் சேர்த்து ஆயிரத்து நூற்று இருபது ரூபாய்.