நூற்றில் அவள் பங்கு

சமையலறையில் டமாரென்று பாத்திரம் விழுந்தது.

"விடு, நான் வர்றேன்!" என்று கூடத்திலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"விட்டதாலதான் விழுந்துச்சு," என்றாள் அவள்.

வலது கையில் மூன்று விரல்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. இடது கைக்கு இன்னும் வீட்டு வேலை படியவில்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறையில் பதினாறு வருஷம் காகிதம் வெட்டியவள். 'மின்னல்' என்றால்தான் அங்கே தெரியும். பாவி மகளுக்கு அந்த வேகமே எமனாக வந்தது.

கூடத்தில் அவள் வழக்கை நடத்தும் வக்கீலம்மா காத்திருந்தார்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாத்தான் அந்தக் கத்தி இறங்கும். உங்க மெஷின்ல ஒரு பட்டன் அமுங்கியே இருக்கற மாதிரி டேப் ஒட்டியிருந்துச்சு. ஒட்டினது யாரும்மா?"

"சூப்பர்வைசர்தான்!" கணவன் முந்திக்கொண்டான்.

"சார், மெஷின்ல நின்னது நீங்களா? அவங்க சொல்லட்டும்." வக்கீலம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீதிபதி தப்பை நூறு பங்காப் பிரிப்பார். உங்க மேல எத்தனை பங்கோ, நஷ்டஈட்டில அத்தனை குறையும். பாதியைத் தாண்டிட்டா ஒண்ணுமே கிடைக்காது. உங்க பக்கத்து மெஷின்காரியை கம்பெனி சாட்சியாக் கூப்பிடுது. டேப் ஒட்டக் கத்துக்கொடுத்ததே நீங்கதானாம்."

கணவன் வெடுக்கென்று திரும்பினான். "நீயா?"

நான்கு மாதமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்தது உடைந்து கொட்டியது.

"ஆமாங்க. மணிக்கு முப்பது கட்டு வெட்டலைன்னா வேலை இல்லைன்னாரு சூப்பர்வைசர். பக்கத்து மெஷின்காரி ரெண்டு பிள்ளைக்காரி, என் தோள்ல சாய்ஞ்சு அழுதா. ஒரு பட்டன்ல டேப் ஒட்டிட்டு, ஒரு கையால மத்ததை அழுத்து, இன்னொண்ணால தாளைச் சரிபண்ணுன்னு நான்தான் சொன்னேன். அவரும் பார்த்துக்கிட்டே நின்னு, 'மின்னலைப் பார்த்துக் கத்துக்கோங்க'ன்னாரு."

"இல்லைன்னு சொல்லிடுடி! நம்ம பொழைப்பே போயிடும்!" அவன் குரல் உடைந்தது.

"பொய்னு தெரிஞ்சா மத்த உண்மையும் நிக்காது சார்," என்றார் வக்கீலம்மா.

"அது கிடக்கட்டும்," என்றாள் அவள். "அவ கை போயிருந்தா நான் எந்த முகத்தோட அவ பிள்ளைங்களைப் பார்ப்பேன்? ஒட்டினது நான்னு எழுதுங்கம்மா. பார்த்துட்டுப் பாராட்டினது அவர்னும் எழுதுங்க."

"சரி. பாதியைத் தாண்டாமப் பார்த்துக்க முயற்சி பண்றேன். வாக்கு கொடுக்க முடியாது."

வக்கீலம்மா எழுதியதன் அடியில் அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் தள்ளாடின. கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வக்கீலம்மா விடைபெற்றார். வாசல்வரை போய் அவளே கதவைச் சாத்தினாள்.