உப்புத் தண்ணீருக்கு அப்பா வாங்கிய வாட்ச்

எங்கள் அப்பா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு அவரை மோட்டார் கட்டுபவராகத் தெரியும். எனக்கு, வாட்ச் வாங்கத் தெரியாமல் வாங்கி, பிறகு தெரிந்து வாங்கியவராகவும் தெரியும். மகள் என்ற உரிமையில் அதைத்தான் எழுதுகிறேன்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் வெள்ளாமை செய்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். கிணறு வற்றியதும் படிப்பை நிறுத்திவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது வேலை. கஷ்டப்பட்டுப் பிறகு சொந்தப் பட்டறை போட்டார். மோட்டார் நின்று பயிர் வாடுகிறது என்று யார் வந்தாலும், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். கோபம் வரும், தங்காது. தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் உண்டு.

அப்படிப்பட்டவருக்குக் கடல் என்றால் பயம். தூத்துக்குடியில் பவளப்பாறை ஆய்வு வேலை கிடைத்து, நான் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கிக் கணக்கெடுக்க வேண்டும் என்றதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது.

"காத்துத் தீர்றதுக்குள்ள மேல வந்துருவயா கண்ணு?"

நேரம் பார்த்து வந்துவிடுவோம் என்றேன்.

"அப்ப வாட்ச் நல்லதா இருக்கோணும்" என்றார். அரை மனதாகத் தந்த சம்மதம் அது.

ஆர்.எஸ்.புரம் கடையில் பளபளவென்று ஸ்டீல் செயின் போட்ட ஒன்றை எடுத்தார். ஐம்பது மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது என்று போட்டிருந்தது. நாங்கள் இறங்குவது ஒரு தென்னை மர உயரம்கூட இருக்காது. போர்வெல் ஆழத்தையே பார்த்தவருக்கு அது ஓர் ஆழமாகவே படவில்லை. ஆனாலும் பட்டறையில் மோட்டாரை டெஸ்ட் செய்யும் தொட்டியில் ஒரு நாள் முழுக்க வாட்சை ஊறப்போட்டார். எடுத்ததும் வந்தவர் போனவரிடமெல்லாம், "ஒரு சொட்டு உள்ள போகல பாருங்க!" என்று காட்டி மகிழ்ந்தார்.

அந்தத் தொட்டியில் இருந்தது நல்ல தண்ணீர். கடல் தண்ணீரும் வாட்சுக்குள் புகவில்லைதான். ஆனால் செயினைப் பிடித்திருந்த சின்னப் பின்னை உப்பு அரித்துவிட்டது. ஒரு நாள் கடலடியில் நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால், மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

சாயங்காலம் ஃபோனில் சொன்னேன்.

"வாட்ச் போச்சாது உடு. நீ எப்படி நேரந் தெரிஞ்சு மேல வந்தே?"

"ஜோடியாத்தாம்ப்பா எறங்குவோம். கூட வேலை செய்யற ஸ்டெல்லா அவங்க வாட்சைப் பாத்துட்டு என்னத் தட்டிக் கூப்பிட்டாங்க."

அப்பா, "போதுங் கண்ணு. வேலைய உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துரு" என்று ஃபோனை வைத்துவிட்டார். அன்று நான் அழுத அழுகை ஸ்டெல்லாவுக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் சண்டைக்குத் தயாராகத்தான் வீட்டுக்குப் போனேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது: "ஏனுங்க, கல்லுப்பு பூராத்தையும் கரைச்சுப்போட்டீங்க. கொழம்புக்கு நான் என்ன பண்றதுங்க?" கொல்லையில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர். வாட்ச் ரிப்பேர் கடையில் வாங்கி வந்த பின்களும் செயின் துண்டுகளும் ரப்பர், நைலான் பட்டைகளும் அதில் கிடந்தன. அவற்றை நனைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்துக்கொண்டிருந்தார் அப்பா. எது துருப்பிடிக்கிறது என்று எனக்குக் காட்டினார். சண்டை போட வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இருவரும் அதே கடைக்குப் போனோம்.

"இருநூறு மீட்டர் போட்டதாக் குடுங்க. நேரம் வெக்கற சாவி திருகி மூடற மாதிரி இருக்கோணும். பட்டை நைலான்ல ஒரே துண்டா வாட்சுக்கு அடியில ஓடோணும், ஒரு பின்னு போனாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும்" என்று சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க" என்றார்.

"மாப்பிள்ளைக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லீங்க. எம்புள்ளைய மேல கூட்டியார்ற புள்ளைக்குங்க."

பஸ் ஏற்றிவிடும்போது, கடலிலிருந்து ஏறியதும் வாட்சை நல்ல தண்ணீரில் அலசச் சொன்னார். வேலையை விடு என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை; நான் கடலில் இறங்கும் நாளெல்லாம் ஃபோன் போட்டு, ஏறிவிட்டேனா என்று கேட்காமல் விடமாட்டார்.

போன வருடம் இருதயம் பலவீனமாகி, அதிகம் படுக்காமல் அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவர்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பட்டறையை ஒரு நாளும் பூட்டவிடாத தொழிலாளர்கள், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து நின்ற ஸ்டெல்லா குடும்பத்தார் எல்லோரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி கடலில் இறங்கிய நாள். கரைக்கு வந்ததும் ஃபோன் அடித்தது. அம்மா. தானாக யாருக்கும் ஃபோன் போட்டுப் பழக்கமில்லாதவர்.

"ஏறிட்டயா கண்ணு?" என்றார். ஏறிவிட்டேன் என்றேன்.

"அந்தப் புள்ளையும் ஏறிருச்சா?"