பெரணிக் குடிசை

போன வருடம் ஒரு வெளிநாட்டு மலையில், நாவல் எழுதுகிறவர்களுக்கென்று நடத்தும் ஒரு வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். போன அன்றே அந்த வீட்டு அம்மாள் எங்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னாள். பகலில் யாரும் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களாக வெளியே வரும்வரை உங்களிடம் ஒருவரும் பேச மாட்டார்கள். கூட இருந்த எழுத்தாளர்கள் கோயில் சந்நிதியில் நிற்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று அந்த அம்மாள் கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். இதையெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பார்த்தாயிற்று, அதுவும் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் பின்புறத்தில் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

நான் வயதுக்கு வந்த சமயத்தில் எங்கள் பிரிஞ்சாங் ஊரில் எல்லாரும் மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்து, ஒரே நாளில் சடங்கை முடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா இருந்தார். அப்பாவுக்கு மூத்தவர், தோட்டத்தில் கங்காணி, வீட்டிலும் கங்காணிதான். பெண்ணைத் தனியாகக் குடிசையில் உட்காரவைத்து, ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைப்பதுதான் நம் முறை என்று சொல்லிவிட்டார். குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை. அதற்குப் பச்சைத் தென்னை ஓலை வேண்டும். எங்கள் மலையிலோ குளிருக்குப் பயந்து தென்னை ஏறி வந்ததே இல்லை. மாமா கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர், ஓலைக்காக அவர் அடிவாரம் வரை அலையத் தயாராக இல்லை. தேயிலைக்கு மேலே காட்டோரத்தில் ஆளைவிட உயரமாக நிற்கும் பெரணியின் மட்டைகளை வெட்டி வந்தார். மூங்கில் நட்டு, சமையல்கட்டுச் சுவரை ஒட்டி ஒரு குடிசை போட்டு, மழை இறங்காமலிருக்கக் காய்கறித் தோட்டத்துக் கூடார பிளாஸ்டிக்கை மேலே இழுத்துக் கட்டினார்.

“இது என்ன ஓலை?” என்றார் பெரியப்பா.

“பச்சையா இருக்குல்ல? போதும்லா மச்சான்.”

உள்ளே ஒரு பாய், இரண்டு கம்பளி, தனித் தட்டு, தனித் தம்ளர். காற்று கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வேண்டும் என்பதால் தேயிலை கவாத்துக் கத்தி ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார்கள். யாராவது என்னைத் தொட்டால் அவர்களுக்கும் தீட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளப் பயந்தே ஒருவரும் என் பக்கம் வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சனிக்கிழமை பிரிஞ்சாங்கில் கூடும் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஆவி பறக்கும் சோளம் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அது போயிற்றே என்பதுதான் என் பெரிய துக்கம்.

இந்தச் சடங்குக்குத்தான் அத்தையை வரவழைத்தார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, நாவல் எழுதுகிறவள். கோலாலம்பூரில் ஒரு வாடகை அறை இருந்தது, பாதி நாள் அதிலும் இருக்க மாட்டாள். சென்னை என்பாள், சிங்கப்பூர் என்பாள், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு குளிர்நாடு என்பாள். முப்பத்தைந்தைத் தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. ஊர் சுற்றுவதால் கலியாணம் ஆகவில்லை, கலியாணம் ஆகாததால் ஊர் சுற்றுகிறாள் என்று பெரியப்பா இரண்டு பக்கமும் பேசுவார். ஆனால் எங்கே இருந்தாலும் தீபாவளிக்குப் பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவாள். வராமல் இருக்க அவளால் முடியாது. அவள் எழுதியதெல்லாம் எங்கள் லயத்தைப் பற்றித்தான்.

அந்த லயத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத மட்டும் அவளால் முடிந்ததில்லை. இரண்டே அறை கொண்ட வீடு. மடிக்கணினியைத் திறந்தால் போதும், யாராவது வாசலில் நிற்பார்கள். எழுதுகிறவள் என்று கேள்விப்பட்டதால் லயத்தில் எழுத்து வேலை எதுவானாலும் அவளிடம் வந்தது. அடையாள அட்டை தொலைந்ததற்கு மனு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம். ஒருமுறை பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து, மருமகனைத் திட்டி ஒரு கடிதம் வேண்டும் என்றார். “நல்லா காரமா போடுமா, நீதான் கத எழுதுற ஆளாச்சே.” அத்தை போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது என்று தாத்தா ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் கூட்டம் இன்னும் அதிகமாயிற்று.

அந்த முறை அவள் கையில் முடியாத நாவல் ஒன்று இருந்தது. மாதக் கடைசிக்குள் அனுப்பினால் அந்தக் குளிர்நாட்டில் எழுத்தாளர்கள் தங்கும் வீடு ஒன்றில் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடையாது. “இருக்கிறதே ஒரு அத்தை, அவ இல்லாம சடங்கா?” என்று பெரியப்பா போனில் கேட்டதும் அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த அன்று மாலை சமையல்கட்டில் அவளும் அம்மாவும் பேசியது பெரணித் தடுப்பு வழியாக எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“அண்ணி, தாலி இல்லாதவ தண்ணி ஊத்தக்கூடாதாம். ஒங்க தம்பி பொஞ்சாதிதான் ஊத்தப் போறாங்களாம். அப்ப என்னை எதுக்கு வரச் சொன்னாங்க?”

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

“ஈப்போலேருந்து ஆளு வருது. எட்டாம் நாளு. கார் சாமான் கட வச்சிருக்காராம். ஒன்னப் பாக்கத்தான்.”

இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி ஏற்பாடு நடந்து, அத்தை முதல் பஸ்ஸிலேயே ஓடியிருந்தாள். இன்னொரு தடவை ஓடினால் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று பெரியப்பா அப்போதே சொல்லிவிட்டார், சொன்னால் சொன்னதுதான் அவர். ஆகவே அத்தைக்கு இரண்டே வழி. முன்னறையில் தலைகுனிந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும்.

சற்று நேரம் கழித்துப் பெரணி மட்டையை விலக்கிக்கொண்டு அத்தையின் தலை உள்ளே வந்தது. பாயையும், தனித் தட்டையும், கத்தியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இங்க யாருமே வர மாட்டாங்களா?”

“வர மாட்டாங்க.”

“சோறு?”

“வெளிய வச்சிட்டு போயிருவாங்க.”

 அத்தை கையை நீட்டி, என் தலைமேல் அழுத்தமாக வைத்தாள். வைத்துக்கொண்டே, “அண்ணி! நான் புள்ளைய தொட்டுட்டேன்!” என்று கத்தினாள்.

பெரியப்பா குளிக்கச் சொன்னார். குளித்தாள். ஈரத் தலையோடு நேராக வந்து மறுபடியும் என்னைத் தொட்டாள். மறுபடி குளிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் தொட்டதும் அவருக்கே அலுத்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை என்னோடு குடிசையில் இருந்தாள்.

என்னிடம் உள்ள பாசத்தால்தான் வந்திருக்கிறாள் என்று நான் பூரித்துப்போனேன். பாசக்காரிகள் இப்படி நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முழங்கால்மேல் கணினியை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பாள். நான் வாயைத் திறந்தால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள். மின்சாரத்துக்கு அம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இறக்கிவிட்டிருந்தாள். அதைப் பிடுங்கச் சொல்லிப் பெரியப்பா இரண்டு தடவை சத்தம் போட்டார். அம்மாவின் காதில் அது விழவில்லை. வேறு எதுவும் அவள் காதுக்குத் தப்பாது. எனக்கு வந்த உளுந்தங்களியிலும் நல்லெண்ணெய் விட்ட முட்டையிலும் அத்தைக்கும் பங்கு வந்தது. “இதெல்லாம் சாப்புட்டா எனக்கும் பலம் வந்துரும் போல” என்று முகத்தைச் சுளித்தபடியே வழித்துச் சாப்பிட்டாள். மனுவோடு வந்தவர்கள் குடிசையைக் கண்டதும் பத்தடி தள்ளியே திரும்பினார்கள். எனக்குத் தெரிந்து அத்தை எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

எட்டாம் நாள் ஈப்போ கார் வந்தது. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும். முன்னறையில் கேசரி மணந்தது. பெரியப்பா வெளுத்த சட்டையோடு பின்பக்கம் வந்து, தொடுதூரத்துக்கு அப்பால் நின்று பல்லைக் கடித்தார்.

“தலைக்கு ஊத்திட்டு, நல்ல சேல கட்டிட்டு முன்னுக்கு வா. அஞ்சு நிமிசம் ஒக்காந்தா போதும்.”

“எப்படிண்ணே வர்றது? புள்ளைய தொட்டுட்டேனே.”

“அதான் குளின்னு சொல்றேன்ல!”

“குளிச்சாலும் திருப்பி தொட்டுருவேன். பாவம், ஒண்டியா இருக்க பயப்படுது.”

நான் பயப்படவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் உச்சியில் இருந்த அத்தையின் விரல்கள் முடியை மெதுவாக இறுக்கின. வாயை மூடிக்கொண்டேன்.

“யாருகிட்ட சட்டம் பேசுற?”

“சட்டம் நீங்க போட்டதுண்ணே. மண்டபத்துல வச்சிருந்தா இந்த சூசா, தொந்தரவு ஒண்ணுமே இல்ல.”

பேச்சு முற்றுவதைக் கேட்டு மாப்பிள்ளையின் அக்காவே பின்பக்கம் வந்துவிட்டாள். நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய வளையல். குடிசையைப் பார்த்தாள், உள்ளே சாவகாசமாகச் சம்மணம் போட்டிருந்த அத்தையைப் பார்த்தாள், சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள். “தீட்டோட இருக்கிற பொண்ணப் பாத்து பேசுறது ஆகாதுங்க. நல்ல காரியம், நல்லபடியா தொடங்கணும். இன்னொரு நாள் வர்றோம்” என்றாள்.  பெரியப்பாவே நாள் தவறாமல் சொல்லும் வசனம் அது. கார் கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும் அவர் குடிசையைப் பார்த்துச் சொன்னார்:

“நாளைக்கு தண்ணி ஊத்துனா தீட்டு போயிரும். அப்பறம் எங்க போயி ஒளிவ?”

“நான் ஒளியலண்ணே. ஒக்காந்து வேல செய்யுறேன்.”

அந்த மாப்பிள்ளை திரும்பி வரவே இல்லை. ஈப்போவிலேயே வேறு பெண் அமைந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலை மாமி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். பல் தந்தியடிக்கப் புதுச்சேலை கட்டி, மாலை போட்டு, முன்னறையில் உட்கார்ந்தேன். அத்தையும் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு, தாலி கட்டிய பெண்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அங்கே அவளைக் காணோம்.

தண்ணீர் ஊற்றிய அன்றே குடிசையைப் பிரித்துக் கொளுத்திவிட வேண்டும். கட்டிய மாமாதான் கொளுத்தவும் வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தீப்பெட்டியோடு பின்பக்கம் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். குடிசைக்குள் பட்டுச்சேலையோடு அத்தை தட்டிக்கொண்டிருந்தாள். தொட்டுக் குளிக்க இனி காரணம் இல்லை, தீட்டு இல்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தாள். “வெளிய வரச் சொல்லு அவள!” என்று பெரியப்பா சமையல்கட்டிலிருந்து சீறினார். விருந்தாளிகள் இருந்ததால் சத்தமாகச் சீற முடியவில்லை.

மாமா எட்டிப் பார்த்தார். “இன்னும் இருக்கா?”

“கடைசி அத்தியாயம்” என்றாள் அத்தை, தலையைத் தூக்காமல்.

மாமா கோஸ் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். “முடிச்சிட்டு சொல்லுமா. எனக்கு லோடு சாயங்காலம்தான்.” பெரியப்பாவால் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. சீர் கொண்டுவந்த தாய்மாமனை அன்றைக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பனி இறங்கும் நேரத்தில் அத்தை கணினியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “இப்ப கொளுத்துங்க” என்றாள். பச்சைப் பெரணி எரியவே மாட்டேன் என்றது, மாமா மண்ணெண்ணெய் ஊற்றினார். புகை லயம் முழுக்க அடைத்தது. அதற்குள் என்னைப் பாசார் மாலாமுக்குக் கூட்டிப்போக அப்பா மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார். அன்று சனிக்கிழமை. பின்னால் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, எரிவதைப் பார்த்துக்கொண்டு அத்தை அழுதுகொண்டிருந்தாள். எழுதி முடித்தாயிற்று, மாப்பிள்ளையும் போயாயிற்று, எதற்கு அழுகிறாள்? புகைதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் பட்டால் எனக்கும் அப்படித்தான் எரியும்.

அத்தைக்கு அந்த இடம் கிடைத்தது, அடுத்த மாதமே போனாள். அதற்குப் பிறகும் தீபாவளிக்கு வந்தாள், மனுக்களும் கடிதங்களும் எழுதினாள், மடிக்கணினி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

போன வருடம், இரண்டு மாதம் முடிந்து, அந்த மலைவீட்டு அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். நாவல் முடிந்திருந்தது. துக்கப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. வீட்டு ஞாபகம் வந்துவிட்டதா என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். பெரணிப் புகை ஞாபகம் வந்திருந்தது. அது புகையே அல்ல என்பதும் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

இப்போது என்னைக் கேட்கிறார்கள். பெரியப்பா கேட்கிறார், அவர் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள்: “எழுதுறதுக்கு எதுக்கு நாடு நாடா அலையுற? நம்ம வீட்டுல ஒனக்கு எடமா இல்ல?”

“இருந்துச்சு” என்கிறேன். “கொளுத்திட்டீங்க.”