தட்டை மூக்கு லட்டுவும் தாய்மாமன் சீரும்

கால்நடை வைத்தியத்தில் நோயாளி ஒருநாளும் பொய் சொல்லாது. அதன் பங்கையும் சேர்த்துக் கூட வருகிறவர் சொல்லிவிடுவார்.

இலுப்பூரில் கிளினிக் போட்டபோது மாடும் ஆடுமாகத்தான் என் காலம் போகும் என்று நினைத்தேன். ஊரில் எனக்குப் பெயரே ‘மாட்டு டாக்டரம்மா’. மாட்டிடம் உதை வாங்கியிருக்கிறேன், கிடாயிடம் முட்டு வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் தைலம் தேய்த்தால் போய்விடும். தைலம் தேய்த்தாலும் போகாதது இப்போது வருகிற தட்டை மூஞ்சி நாய்களால் வருகிற மனக் கஷ்டம். பக், ஷிட்சூ, புல்டாக் என்று ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். மூஞ்சி தட்டையாக இருந்தால்தான் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததில், பாவம் அதுகளுக்கு மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிவிட்டது. இதைச் சொன்னால் நான் பொல்லாதவள். “இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க” என்று உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர்களே, “இந்த வண்டி இனி ஓடாதுண்ணே” என்று சொல்லி வசவு வாங்கிய மெக்கானிக்குகளே, நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பரம்பரைக் குறட்டை

முருகேசன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வீடு நார்த்தாமலைப் பக்கம். அவருடைய அக்கா செல்வியும் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அக்கா மகள் யாழினிக்குச் சித்திரையில் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். தட்டும் பழமும் கிடாயும் எல்லாரும்தான் வைக்கிறார்கள், நம்ம சீரை ஊர் பேச வேண்டாமா என்று யோசித்து, ஒரு பக் குட்டியை வாங்கி, லட்டு என்று பெயரும் வைத்து, தடுப்பூசி போட என்னிடம் கொண்டு வந்தார். மேஜையில் வைத்ததும் லட்டு தூங்கிவிட்டான். தூக்கம் என்றால், ரைஸ் மில் ஓடுகிற மாதிரி.

“கேட்டீங்களா டாக்டரம்மா, குட்டியிலயே என்னமா கொறட்டை விடுறான்!” என்று பூரித்தார். அது குறட்டை அல்ல, காற்றுக்குத் திண்டாட்டம், மூக்கைப் பாருங்கள், தீக்குச்சி நுழையாது என்று காட்டினேன். வெயில் ஆகாது, ஓடவிடாதீர்கள், உடம்பு போட விடாதீர்கள், கூட்டத்தில் கொண்டு போகாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வாசல் வரை போனவர், என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஆறுதல் சொல்லத் திரும்பி வந்தார்.

“எங்கப்பாவும் இப்படித்தாங்க கொறட்டை விடுவாரு. எண்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

வாங்கலாமா, வேண்டாமா

ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். கையில் துணிப்பை. பேரன் ஆசைப்படுகிறான், தட்டை மூஞ்சி நாய் ஒன்று வாங்கலாமா என்று நிபுணரின் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து கும்பிடலாம் போல இருந்தது. வாங்குவதற்கு முன்னால் கேட்க வந்த முதல் மனிதர்! கம்பவுண்டர் ஆரோக்கியத்தை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து பாடமே எடுத்தேன். மூச்சுக்குழாய், பிதுங்கிய கண், மடிப்புக்குள் சீழ், பிரசவத்தில் தலை மாட்டிக்கொள்வது, ஒன்றையும் விடவில்லை. நாம் வாங்க வாங்கத்தான் விற்கிறவர்கள் இன்னும் தட்டையாக இனம் சேர்க்கிறார்கள், நாம் நிறுத்தினால்தான் அது நிற்கும் என்று முடித்தேன்.

அவர் கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டார். “அருமையான விளக்கம்” என்றார். அப்போது மடியில் இருந்த துணிப்பை தும்மியது. நான் பையைப் பார்த்தேன், ஆரோக்கியமும் பார்த்தான். ஹெட்மாஸ்டர் மட்டும் பார்க்கவில்லை. பிறகு மெல்ல ஜிப்பைத் திறந்தார்.

“நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. இப்ப இதுக்கு என்ன பேரு வைக்கலாம், அதையும் சொல்லிருங்க.”

நெற்றி மடிப்பு

கறம்பக்குடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பக் நாயோடு வந்தார்கள். கிட்டே வரும்போதே வாடை. நெற்றி மடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே செக்கச் செவேல் என்று புண், அதன் மேல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டேன். மருந்து இல்லை, திருநீறு. வெள்ளிக்கிழமை தவறாமல் பூசுகிறார்களாம். மற்ற நாய்க்குப் பூசினால் உதறிவிடும், இதற்கு மடிப்பில் பட்டை போட்டது போல அப்படியே நிற்கிறது என்று அந்த அம்மாவுக்குப் பெருமை. ஈரமான மடிப்பில் எதைப் பூசினாலும் புண்ணாகும் என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“சாமி துன்னூறு எப்படிம்மா புண்ணாக்கும்? இந்த மடிப்பை வச்சுப் படைச்சவன் மேலதான் தப்பு.” எனக்கு அவ்வளவும் சம்மதம்தான், படைத்தது சாமி இல்லை என்பதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

“அப்ப இனிமே குங்குமம் மட்டும் வச்சுக்கலாமா டாக்டர்?”

சீர் வண்டி

காதுகுத்துக்கு முருகேசன் எனக்கும் பத்திரிகை வைத்தார். நாயைக் கொண்டு வராதீர்கள் என்று அப்போதும் சொன்னேன். “நெழல்லதான் இருப்பான்” என்றார். கத்திரி வெயிலில், கொட்டு முழங்க, வேட்டு வெடிக்க சீர் வந்தது. முன்னால் தட்டுத் தூக்கிய பெண்கள், அடுத்து மாலை போட்ட கிடாய், அதற்கடுத்து டிராக்டர். டிராக்டர் இழுத்து வந்த டிரெய்லரின் மேல் ஒரு சோபா. சோபாவின் மேல், பட்டுச் சட்டையும் செவ்வந்தி மாலையும் போட்டுக்கொண்டு லட்டு. டிரெய்லருக்கு அடியில் விழுந்த நிழலில், யாரும் அழைக்காத ஒரு தெரு நாய் மூக்கை நீட்டிக்கொண்டு சுகமாக நடந்து வந்தது. நிழலில் வந்தது அது ஒன்றுதான்.

மண்டப வாசலில் சந்தனத்தில் கை வைத்தவள், லட்டுவின் நாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடினேன். நாவல்பழ நிறம். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது, உள்ளே காற்றே போகவில்லை. மாலையையும் சட்டையையும் பிய்த்தெறிந்துவிட்டு, கை கழுவும் குழாயடியில் கிடத்தித் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். பெரிய மனிதர்களுக்காக வாடகைக்கு எடுத்த ராட்சத ஃபேனை இழுத்து வந்து நாயின் பக்கம் திருப்பினோம். சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. முருகேசன் பட்டு வேட்டியோடு தண்ணீரில் மண்டியிட்டு, “லட்டு, லட்டு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மேடையில் நல்ல நேரம் போகிறது என்று கத்துகிறார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமனோ குழாயடியில். யாழினியும் இறங்கி ஓடிவந்துவிட்டாள். லட்டு எழுந்தால்தான் காதைக் காட்டுவேன் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் லட்டுவின் நாக்கு மெல்லச் சிவந்தது. முருகேசன் அங்கேயே சப்பணமிட்டு உட்கார, ஒரு தொடையில் மருமகள், மறு தொடையில் நனைந்த நாய். ஊசியோடு வந்த ஆசாரி குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தார், பிறகு லட்டுவின் மூக்கைப் பார்த்தார்.

“காது குத்தத்தான் என்னையக் கூப்பிட்டாக. ஆனா இங்க அவசரமா ஓட்டை போட வேண்டியது இவன் மூக்குலதான் போலருக்கே!”

கரண்டு போன மத்தியானம்

அந்தச் சீர் வீடியோ எல்லார் ஸ்டேட்டஸிலும் வந்தது. சோபாவில் லட்டு உட்கார்ந்திருக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டு, நாக்கு நிறம் மாறிய இடத்தை வெட்டிவிட்டார்கள். விளைவு, அதே ஊர் ராசு என் கிளினிக்கில் வந்து நின்றார். அவருடைய அக்கா மகளுக்குச் சடங்கு. முருகேசன் வைத்ததைவிட ஒருபடி மேலே வைக்க வேண்டும். “அதைவிட மூஞ்சி தட்டையா எது டாக்டரம்மா கெடைக்கும்?” என்று கேட்டார். ஹெட்மாஸ்டருக்கு எடுத்த பாடத்தை மறுபடி எடுக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் மத்தியானம் செல்வி வீட்டுக்குப் போய் லட்டுவைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போன நேரம் கரண்டு இல்லை. காதுகுத்து நாளிலிருந்து மத்தியானமானால் முருகேசன் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். ஈரச் சாக்கில் லட்டு கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாராம். “வாங்க மாப்ள, நல்ல நேரத்துல வந்தீக. கை விட்டுப்போச்சு, இந்தாங்க” என்று விசிறியை ராசு கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனவர், அங்கிட்டே ஒரு தூக்கமும் போட்டுவிட்டார். விசிறியை நிறுத்தினால் லட்டு இழுக்கிறான், ஆகவே ராசுவால் எழுந்திருக்கவும் முடியவில்லை. பொழுது சாய்ந்துதான் கரண்டு வந்தது. மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“சீர் வாங்குறவகளுக்கு விசிறுனாலும் ஒரு நாயம் இருக்கு. சீருக்கே விசிறணும்னா எங்க அக்கா என்னைய உரிச்சுப்புடும். நல்ல கெடாயா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.”

கிடாயின் கருத்தை இந்த விஷயத்தில் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்கும் சேர்த்துப் பேச எனக்கிருப்பது ஒரு வாய்தான்.

செல்வி சொன்னது

லட்டுவின் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்த ஆபரேஷன் உண்டு. அதற்கு நாள் குறிக்க முருகேசனும் செல்வியும் வந்திருந்தபோது, நாய்க்குட்டி புரோக்கர் ஒருவரும் பின்னாலேயே வந்துவிட்டார். வீடியோவில் லட்டுவைப் பார்த்தாராம். தன்னிடம் பெட்டை இருக்கிறது, ஜோடி சேர்த்தால் குட்டிக்குக் குட்டி, பெயருக்குப் பெயர் என்றார். முருகேசனின் முகத்தில் ஒரு வெளிச்சம். ‘லட்டு வம்சம்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இவன் மூக்குதானே குட்டிக்கும் வரும் என்றேன், எடுபடவில்லை. தலை பெரிது, இடுப்பு சிறிது, இந்த இனத்தில் பெட்டைக்குப் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன்.

“அதெல்லாம் டாக்டருங்க பாத்துக்குவாங்க” என்று புரோக்கர் சிரித்தார். செல்வி எழுந்து நின்றார்.

“எனக்கு ரெண்டு புள்ளையும் வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாக. கேட்டுத்தான் கிழிச்சாக. அந்த நாயிகிட்ட யாரு கேப்பா? டாக்டரம்மா, மூக்கத் தொறக்குற அன்னைக்கே இவனுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டையும் முடிச்சு விட்ருங்க.”

சத்தமில்லாத தூக்கம்

ஆபரேஷனைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டோம். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குக் கைகொடுக்க நானும் கூடப் போனேன். இந்த நாய்களுக்கு மயக்கம் கொடுப்பது பெரிதில்லை, தெளிந்து தானாக மூச்சு விடுகிற அந்த நேரம்தான் கண்டம். முருகேசன் வெளியே லட்டுவின் கழுத்துப் பட்டையைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். “எனக்குப் பெருமை வேணும்னு அதோட உசுர வச்சு வெளையாண்டுட்டேன்” என்றார். ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆறுதலாக எனக்கு வேறு எதுவும் வரவில்லை. லட்டு கண் விழித்து, தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகும் தானாக மூச்சை விட்டுக்கொண்டு, முதல் வேலையாக என் விரலை நக்கினான். அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

இனிமேலும் அவன் வெயிலில் போகக் கூடாது, ஓட்டப் பந்தயமெல்லாம் கிடையாது, ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். தையல் ஆறி, வீக்கம் வடிந்து, சில வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் யாழினியிடமிருந்து போன். வீட்டில் பெரியவர்கள் தூங்குகிறார்கள் போல, ரகசியமாகப் பேசினாள்.

“டாக்டரம்மா, லட்டு தூங்குறான். ஆனா சத்தமே வரல. இவன் உசுரோடதான் இருக்கானா, எழுப்பிப் பாக்கவா?”

அழகு என்று மனிதன் அடைத்துவைத்த மூக்கை வைத்தியம் என்று திறந்துவிட்டு, அதற்கு நான் ஃபீஸும் வாங்கிக்கொள்கிறேன் பாருங்கள், இப்படி ஒரு பிழைப்பு.