இரண்டு முள்முருங்கைகளும் ஒரு கல்லும்

"அந்தக் கல்ல வாசிக்க இந்த லயத்துல யாரு இருக்கா? நீயே எழுதி நீயே வாசிச்சுக்க வேண்டியதுதான்" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை அவள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியையாகவும் ஆகியிருந்தேன். அம்மாவைப் புதைத்த இடத்தில் பெயர் வெட்டிய கல் வைக்கப் போகிறேன் என்றால், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயமே பெருமைப்படும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா போனபோது நான் விடுதியில் இருந்தேன். கெலிஓயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வயிற்றோட்டம் பரவிய மழைக்காலம் அது. அப்பாவுக்காகக் கணக்கப்பிள்ளை எழுதிய தபாலட்டை என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. இரண்டே வரி. அன்று மாலை வழக்கம்போல ஜெபத்துக்கு மணி அடித்தது. மற்றப் பெண்களோடு வரிசையில் போய் நின்றேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கல் வைக்கும் எண்ணம் ஒரு நாயால் வந்தது. அப்பா தொரை பங்களாவில் தோட்டவேலை செய்தார். தொரையின் கிழட்டு நாய் செத்ததும், பூந்தோட்டத்தின் மூலையில் அதைப் புதைத்து, கொழும்பிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் வரவழைத்து வைத்திருந்தார்கள். ஒரு விடுமுறையில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய், "என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார். நாயின் பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம், அதன் கீழே 'நல்ல தோழன்' என்று இங்கிலீஷில்.

"நெசந்தான்" என்றார் அப்பா. "தொரை கூப்பிட்டா யோசிச்சு யோசிச்சுத்தான் வரும். நான் கூப்பிட்டா ஓடி வரும்." துண்டால் கல்லைத் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்த நாய்க்கு அந்தக் கல் தகும்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

"அம்மாவுக்கு என்ன வச்சீங்க?" என்று கேட்டேன்.

"குச்சி நட்டேன்."

தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையின் கிளைதான் அந்தக் குச்சி. தலைமாட்டை அடையாளம் வைக்கக் கைக்கு எட்டியது அதுதான். மழை மண்ணில் அதன் எந்தக் கிளையைக் குத்தினாலும் வேர்விட்டுவிடும்.

கண்டியில், மஹியாவ மயானத்துக்குப் போகும் வழியில் ஒரு கல்தச்சர் பட்டறை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் அங்கே போனேன். சிலுவைகள், சிறகு வைத்த பெண் குழந்தைகள், விரித்த புத்தகங்கள். எல்லாம் யாருக்காகவோ காத்திருந்தன. சில நாள் எதையும் கேட்காமல் அவற்றின் நடுவே உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். விடுதியைவிட அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியில், மேல் விளிம்பு வளைந்த ஒரு சாதாரணக் கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

"டீச்சரம்மா, பொறந்த வருஷம்?"

எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

"அப்ப செத்த வருஷம் மட்டும் போடுறேன். யாரு வச்சதுன்னு போடணுமா?"

"போடுங்க" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் பெயர். அதன் கீழே, இவருடைய மகள் இன்னார், ஆசிரியை, நாட்டியது. அவர் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மேல இருக்கிறதவிட கீழ கூடிப்போச்சே."

"இருக்கட்டும்" என்றேன்.

புகையிரத நிலையத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து லொறியில் கல் வந்தது. நான்கு ஆட்கள் அதை ஓடைக்கரைச் சரிவுக்குச் சுமந்தார்கள். அங்கே இரண்டு முள்முருங்கைகள் நாலு முழ இடைவெளியில் நின்றன. இரண்டும் ஒரே உயரம். இரண்டையும் கவ்வாத்துக்காரர்கள் ஒரே மட்டத்தில் வெட்டியிருந்தார்கள்.

"மேல நிக்கிறதுதான்" என்றார் அப்பா.

"மேல நிக்கிறது எம் மகன்" என்றாள் அத்தை. அவளுடைய ஒரே பிள்ளை. அதே மழையில், அதே வாரத்தில் ஏழு வயதில் போனவன்.

"ரெண்டு குச்சியும் நட்டது நான்தானே?"

"நட்டீங்க. அதுக்கப்புறம் எத்தன தடவ இங்க வந்தீங்கண்ணே? நான் வெள்ளிக்கு வெள்ளி வர்றேன்."

சுமந்து வந்தவர்களில் ஒருவர், "பேசி முடிங்க. கல்லு எங்கயும் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

நான் அவசரப்பட்டேன். "அப்பா சொல்ற இடத்துலயே வைங்க" என்றேன்.

அத்தை கல்லின் பக்கத்தில் குந்தி, எழுத்துகள்மேல் உள்ளங்கையை வைத்தாள். "என்ன எழுதியிருக்க, வாசி."

வாசித்தேன். முழுவதையும் கேட்டாள்.

"இந்தக் கல்லுக்கு அடியில கெடக்கிறது எம் மகன்னா, அவனுக்கு நீ மகளா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சரிவில் நின்றவர்கள் எல்லோரும் அம்மாவைப் புதைத்த அன்று அங்கே இருந்தவர்கள். எழுத்துத் தெரிந்த நான் ஒருத்திதான் இல்லாதவள். அப்பா சொல்வது சரியா, அத்தை சொல்வது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அம்மா எங்கே என்பதே தெரியாமல் அவளுக்குக் கல் கொண்டுவந்திருந்தேன்.

கல்லை இரண்டு மரங்களுக்கும் நடுவே படுக்க வைத்துவிட்டு, மாலை ரயிலில் கண்டிக்குத் திரும்பினேன். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் யாரோ என்னைக் கூப்பிட்டது மூன்றாம் தடவைதான் எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய் அத்தையிடம் சொன்னேன், கல்லை நடுவிலேயே நிறுத்தலாம், இரண்டு பேருக்குமாக என்று.

"எம் மகன் எப்பவும் ஒங்கம்மா மடியிலதான் கெடப்பான், சோறுகூடத் தின்னாம" என்றாள். பிறகு, "ஒங்கப்பன்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்க" என்றாள்.

அப்பா சரியென்று தலையசைத்தார். எந்த மரம் என்று அவர் அதன்பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தை மகனின் பெயரை அதுவரை யாரும் எழுதியதில்லை. திங்கட்கிழமை லொறியில் கல் பட்டறைக்குத் திரும்பி வந்தது. நேற்றுப் பள்ளி விட்டதும் அங்கே போனேன். அம்மாவின் பெயருக்குக் கீழே என்னைப் பற்றி இருந்ததையெல்லாம் கொத்தி எடுத்துவிடச் சொல்லி, அந்த இடத்துக்கு அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.