இணைச்சீருக்கு நடுவே ஒரு பிளாஸ்மா

அண்ணன் கல்யாணத்தில் இப்படி முகம் வெளிறி நின்ற தங்கையைத் திருப்பூர் பார்த்திருக்காது. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நின்று இணைச்சீர் செய்தாக வேண்டும். மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கு இருப்பதோ ஒரே தங்கை, சித்ராதேவி. அவள் குஜராத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி செய்கிறவள். முகூர்த்தம் குறித்த அதே நாளைத்தான் ஆய்வுக்கூடமும் அவள் சோதனைக்கு ஒதுக்கித் தொலைத்திருந்தது. அந்த நாளை விட்டால் இயந்திரத்தைப் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள். அவள் முனைவர் பட்டம் அந்தரத்தில் தொங்கும். கூடப் படிக்கும் ஜெயபாண்டியை அங்கே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டில் மின்னேறிய வாயுவாக இருக்கும் பிளாஸ்மாவைக் காந்தங்கள் நடுவெளியில் பிடித்து வைத்திருக்கும். அது சும்மா இருக்காது. மேலே நழுவும், கீழே நழுவும். நழுவியது தெரிந்ததும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். தாமதமாகத் தள்ளினால் ஆட்டம் அடங்காது, பெரிதாகி இயந்திரத்தின் சுவரில் மோதும். எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்ற கணக்கு சித்ராதேவியுடையது. ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்ப்பதற்கும் ஷாட் என்று பெயர்.

மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி செல்போனில் கேட்டாள்.

"மோதிருச்சு," என்றான் ஜெயபாண்டி.

"தள்ளுறதக் கூட்டு."

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் மோதியிருந்தது. குறைக்கச் சொன்னாள். பிறகு கூட்டச் சொன்னாள்.

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, வா கண்ணு," என்று அம்மா மருதம்மாள் வந்து நின்றாள்.

போனில் ஜெயபாண்டி சலித்துக்கொண்டான். "நீ போன ஷாட்டுக்குச் சொல்ற. அதுக்குள்ள நானே ஒண்ண மாத்தி அடுத்தத ஓட்டிர்றேன். அதுக்கு மேல நீ சொல்றதயும் போட்டா எப்படி நிக்கும்?"

சித்ராதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. தாமதமாகத் தள்ளிக்கொண்டிருந்தது அவள்தான். படித்த படிப்பையெல்லாம் பயம் தின்றுவிட்டது.

"நான் சொன்னதெல்லாம் விடு. மொதல்ல இருந்த அளவுக்கே போ. அங்கிருந்து நீயே பாத்து கொஞ்சங்கொஞ்சமாக் குறை. இனி நான் கூப்பிட மாட்டேன்."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடையேறினாள். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலைக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, மொகம் இப்படி வெளிறிக் கெடக்குது?" என்றான் சிவபிரகாஷ்.

"ஒண்ணுமில்லீங்ணா."

சீர் நடந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பேசிய மருதம்மாள் பதறிப்போய் மேடையோரம் வந்தாள்.

"அந்தத் தம்பி பேசுனாப்டி. கடைசி வரைக்கும் செவுத்துல மோதலைன்னு சொல்லச் சொன்னாப்டி. என்ன வண்டி கண்ணு? ஆருக்கும் அடிபடலையே?"

சித்ராதேவி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். தங்கைக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பெண் வீட்டார் மூக்கைச் சிந்தினார்கள். அவள் அதைத் திருத்தப் போகவில்லை.